ஈராக் இடைக்கால சர்க்கார்: யார் கொடுத்த அதிகாரம்?

(வாசகசாலைக் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஈராக் தேசத்து விஷயமாகும். பெட்ரோல் விலை ஏறினால் மாத்திரம் காதில் விழுகிற ஊர்ப் பெயராயிற்றே, அதைப் பற்றி இங்கு என்ன பேச்சு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஒரு தேசத்தைப் படைகொண்டு பிடித்தவன், "நான் உங்களை ஆள வரவில்லை; உங்கள் ஆளையே வைத்து உங்களை ஆளச் செய்கிறேன்" என்று சொன்னால், அந்த "உங்கள் ஆள்" என்பவர் யார், அவரைப் பொறுக்கியவர் யார், அவர் யாருக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் என்கின்ற மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டாமா? ஈராக்கில் இந்தக் கேள்விகளைக் கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு என்ன பதில் கிடைத்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

2003-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 20-ந்தேதி அமெரிக்காவும் பிரிட்டனும் ஈராக்கின் மீது படையெடுத்தன. ஏப்ரல் 9-ந்தேதி பாக்தாது விழுந்தது. சதாம் உசேனிடம் நாசகார ஆயுதங்கள் குவிந்து கிடப்பதாகச் சொல்லித்தான் உள்ளே புகுந்தார்கள். பிறகு தேடு தேடென்று தேடியும் சொன்னபடி குவியல் ஒன்றும் அகப்படவில்லை. சதாம் உசேன் கொடுங்கோலன் என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. 1988-இல் ஹலப்ஜா என்கின்ற ஊரில் சொந்தக் குடிகள் மீதே விஷப்புகையை வீசியவன். 1980-இல் தாவா கட்சியில் சேர்ந்திருந்தாலே மரணதண்டனை என்று உத்தரவு போட்டவன். எனவே, அவனுக்குப் பயந்து தேசத்தை விட்டு ஓடினவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. இயாத் அல்லாவி என்பவர் லண்டனுக்குப் பக்கத்தில் தன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தபோது 1978-இல் கோடாரியால் வெட்டப்பட்டுப் பிழைத்தவர். ஹக்கீம் குடும்பத்தில் எத்தனையோ பேர் கொல்லப்பட்டார்கள். உயிருக்கு ஆபத்து வந்தால் ஓடாமல் என்ன செய்வது? ஓடினது குற்றமல்ல. ஆனால் ஓடினது மாத்திரமே திரும்பி வந்து ஆளுவதற்கு யோக்கியதையாகி விடுமா என்பதே கேள்வி.

ஏனென்றால் ஓடமுடியாமல் உள்ளேயே கிடந்தவர்கள் இரண்டு கோடிக்கு மேற்பட்டவர்கள். அவர்கள் சதாமையும் சகித்தார்கள். 1990 முதல் 13 வருஷ காலம் வெளிநாட்டார் போட்ட வர்த்தகத் தடையையும் சகித்தார்கள். மருந்து இல்லை, பள்ளிக்கூடத்துக்குப் பென்சில் இல்லை, ரேஷன் கடையில் அளந்துபோட்ட மாவையும் சர்க்கரையையும் கொண்டு ஜீவித்தார்கள். இப்படிக் கிடந்தவர்களை ஆளுவதற்கு லண்டனில் இருந்தும், டெஹ்ரானில் இருந்தும், டமாஸ்கசில் இருந்தும் தலைவர்கள் வந்து இறங்கினார்கள்.

இவர்களுக்குள் முதலில் சொல்லத்தக்கவர் அகமது சலாபி என்பவர். அரசர் காலத்தில் மிகுந்த செல்வாக்கோடு இருந்த குடும்பத்தில் 1944-இல் பிறந்தவர். 1958-இல் அரச பரம்பரை ஒழிக்கப்பட்ட போது அக்குடும்பத்தின் செல்வாக்கும் ஒழிந்தது. சலாபி சிறுபிள்ளையாகப் போனவர், ஏறக்குறைய 45 வருஷம் கழித்துத் திரும்பினார். நடுவில் ஜோர்டான் தேசத்தில் பெட்ரா பாங்கு என்று ஒரு பாங்கு வைத்து நடத்தினார். அது 1989-இல் முறிந்தது. 1992-இல் அந்தத் தேசத்துக் கோர்ட்டு அவர் இல்லாமலே விசாரித்து 22 வருஷத் தண்டனை விதித்தது. இது சதாமின் சூழ்ச்சி என்றார் அவர். இருக்கட்டும். அதே 1992-இல் "ஈராக் தேசிய காங்கிரஸ்" என்று ஒரு ஸ்தாபனத்தை வெளிநாட்டில் ஏற்படுத்தினார். 1998-இல் அமெரிக்கச் சட்டசபை ஈராக் விடுதலைச் சட்டம் என்று ஒன்றை நிறைவேற்றி, சதாமின் எதிரிகளுக்கு 9 கோடியே 70 இலட்சம் டாலர் பெறுமான இராணுவ உதவி கொடுக்கலாமென்று அனுமதித்தது. பின்னால் சலாபியின் ஸ்தாபனத்துக்கு அமெரிக்க இராணுவ உளவு இலாகாவில் இருந்து மாதம் சுமார் 3 இலட்சத்து 40 ஆயிரம் டாலர் படி அளக்கப்பட்டது. அந்த ஸ்தாபனம் கூட்டிக் கொண்டுவந்து நிறுத்திய ஆட்கள் சொன்ன ஆயுதக் கதைகள் பத்திரிகைகளில் கொட்டை எழுத்தில் வந்தன. 2003 ஏப்ரலில் அமெரிக்கர் தங்கள் ஆகாய விமானத்திலேயே அவரையும் அவருடைய சில நூறு ஆட்களையும் நசீரியா பக்கத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். கதைகள் பொய்யென்று பிறகு வெளிப்பட்டபோது, காரியம் முடிந்துவிட்டது, முன்பு என்ன சொன்னோம் என்பது இப்போது முக்கியமல்ல என்கின்ற பாவனையில் பதில் சொன்னார். எவ்வளவு துணிச்சல் பாருங்கள்!

பிடித்த தேசத்தை நிர்வகிக்க 2003 மே மாதத்தில் பால் பிரமர் என்கின்ற துரை வந்து சேர்ந்தார். வந்த நாலாம் நாள் அவர் போட்ட முதல் நம்பர் உத்தரவு, சதாமின் பாத் கட்சியில் மேல்படிகளில் இருந்தவர்களை சர்க்கார் உத்தியோகத்தில் இருந்து நீக்குவது. இரண்டாம் நம்பர், பட்டாளத்தையே கலைப்பது. கேட்பதற்கு நியாயம் போலத் தோன்றும். ஆனால் சதாம் காலத்தில் வாத்தியார் வேலையும் டாக்டர் வேலையும் நிலைக்க வேண்டுமானால் கட்சிச் சீட்டு வேண்டியிருந்தது. ஆகவே உள்ளே கிடந்து சோற்றுக்காகச் சேர்ந்தவன் வீட்டுக்குப் போனான். வெளியே இருந்தபடியால் சேரவேண்டிய அவசியமே ஏற்படாதவன் பரிசுத்தவான் ஆனான். இந்த நீக்கல் வேலையை மேற்பார்க்க ஏற்பட்ட கமிஷனுக்குத் தலைவர் யார் தெரியுமா? அதே சலாபிதான். வாசற்படியில் நிற்கிற காவற்காரனே பந்தியிலும் முதல் இலையில் உட்கார்ந்தான். ஏழு வருஷம் கழித்து 2010-இல் நடந்த தேர்தலிலும், இந்தக் கமிஷனின் வாரிசான ஸ்தாபனம் ஐந்நூறுக்கு மேற்பட்ட அபேட்சகர்களை நிற்கக்கூடாதென்று விலக்கிற்று. அப்போதும் அதன் தலைவர் சலாபி. அதே தேர்தலில் சலாபியும் ஒரு அபேட்சகர்!

2003 ஜூலை 13-ந்தேதி "ஆளும் சபை" என்று 25 பேர் கொண்ட சபை ஒன்று வைத்தார்கள். வெளிநாட்டில் இருந்து வந்தவர்களையும், 1991 முதல் வடக்கே தனியாக ஆட்சி நடத்திய குர்தியத் தலைவர்களையும் சேர்த்தால் அவர்களே பெரும்பான்மை. ஷியா 13, சுன்னி அராபியர் 5, குர்தியர் 5, துருக்மானியர் 1, கிறிஸ்தவர் 1 என்று கணக்கு. பெண்கள் 3 பேர் மாத்திரம். அந்த மூவரில் ஒருவரான அகீலா அல்ஹாஷிமி வெளியே போகாமல் உள்ளேயே உத்தியோகம் பார்த்த அம்மையார். மூன்று மாதம் ஆவதற்குள் பாக்தாதுத் தெருவிலேயே சுடப்பட்டு மாண்டார். சபையார் செய்த முதல் காரியம், பாக்தாது விழுந்த ஏப்ரல் 9-ந்தேதியைத் தேசிய விடுமுறை நாளாக்கியது. தலைவர் யாரென்று ஒத்துப்போக முடியாததால் ஒன்பது பேர் மாதத்துக்கு ஒருவராக மாறிமாறித் தலைமை வகிப்பதென்று முடிவு. சபை எதைத் தீர்மானித்தாலும் பிரமர் துரை வேண்டாமென்றால் வேண்டாம்தான்.

பிறகு மந்திரிகள். 25 அங்கத்தினர்களுக்குச் சரியாக 25 மந்திரிகள். அதே 13, 5, 5, 1, 1. எண்ணெய் மந்திரி, சபை அங்கத்தினர் ஒருவரின் மகன். வியாபார மந்திரி, சலாபியின் மருமகப்பிள்ளை முறை, அல்லாவிக்கும் பந்து. உள்நாட்டு மந்திரி, அல்லாவிக்குக் கொள்வினை கொடுப்பினை வழியில் உறவு. வெளிநாட்டு மந்திரி, குர்தியத் தலைவர் பர்சானிக்குத் தாய்மாமன். சதாமை விசாரிக்க வைத்த கோர்ட்டை அமைத்து நடத்தும் பொறுப்பும் சலாபியின் இன்னொரு மருமகனிடம்! இவர்களில் படித்தவர்களும் திறமைசாலிகளும் இல்லையென்று சொல்லவில்லை. 2004 ஏப்ரலில் தேசத்துக்குப் புதுக்கொடி வேண்டுமென்றார்கள். அதை வரைந்து கொடுத்தவர் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர்தான். ஆனால் லண்டனில் இருந்தவர், சபை அங்கத்தினர் ஒருவரின் சகோதரர். வெள்ளையும் நீலமுமாக வந்த அந்தக் கொடியைப் பார்த்து, இது இஸ்ரவேல் கொடி போல் இருக்கிறதே என்று ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். அது வழக்கத்துக்கு வராமலே போயிற்று. கொடி போயிற்று, கொடி கொடுத்தவர்கள் போகவில்லை.

ஏன் தேர்தல் வைக்கவில்லை என்று கேட்பீர்கள். இங்கேதான் வேடிக்கை இருக்கிறது. நஜாப் நகரில் 2003 ஜூனில் ஊர்த் தேர்தலுக்கு வேண்டிய ஏற்பாடெல்லாம் நடந்துகொண்டிருக்கையில் பிரமர் துரை நிறுத்திவிட்டார். தேசம் முழுவதற்கும் தேர்தல் வேண்டுமென்றபோது, ஓட்டர் ஜாபிதா இல்லை, ஜனக்கணக்கு இல்லை, காலம் பிடிக்கும் என்றார்கள். தோழர்களே! அந்தத் தேசத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ரேஷன் கார்டு இருந்தது. எந்த வீட்டில் எத்தனை பேர், யார் பிறந்தார், யார் செத்தார் என்று மாதந்தோறும் மாவு அளக்கிற கணக்கு இருந்தது. 2005 ஜனவரியில் கடைசியாகத் தேர்தல் வைத்தபோது எந்த ஜாபிதாவைக்கொண்டு வைத்தார்கள்? அந்த ரேஷன் கணக்கைக் கொண்டேதான். 2003-இல் கண்ணில் படாத கணக்கு 2005-இல் எப்படிப் பட்டது? அந்தக் கணக்கில் தவறுகள் இருக்கும், கலகம் நடக்கும், சதாமின் ஆட்கள் நுழைவார்கள் என்று பயந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பயம் முழுப்பொய்யல்ல. ஆனால் அந்தப் பதினெட்டு மாதமும் நாற்காலியில் இருந்தவர்கள் யார்? அந்தக் காலத்துக்குள் ஆள் சேர்த்தவர்கள், உத்தியோகம் கொடுத்தவர்கள், பத்திரிகை வைத்தவர்கள், தனிப்பட்டாளம் பெருக்கினவர்கள் யார்?

இன்னொரு வேடிக்கை. ஜனநாயகம் கற்பிக்க வந்தவர்கள் தேர்தல் வேண்டாமென்றார்கள்; தேர்தல் வேண்டுமென்று பிடிவாதம் செய்தவர் நஜாபில் இருந்த மதாச்சாரியார் சிஸ்தானி. அரசியல் சட்டம் எழுதுகிறவர்கள் ஓட்டால் வரவேண்டும் என்று 2003 ஜூனிலேயே கட்டளை விடுத்தார். நவம்பர் 15-ந்தேதி பிரமரும் ஆளும் சபையும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு, ஓட்டில்லாமல் மாகாணந்தோறும் கமிட்டி வைத்து ஆட்களைப் பொறுக்குவோம் என்றார்கள். அந்தக் கமிட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு ஆள் நியமிக்கும் அதிகாரம் ஆளும் சபைக்கே! சிஸ்தானி சம்மதிக்கவில்லை. 2004 ஜனவரியில் பாக்தாதில் பதினாயிரக்கணக்கானவர்கள் தெருவில் இறங்கின பிறகே அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. மதாச்சாரியார் சொல்லுக்காகத் தெருவுக்கு வருகிற ஜனங்களைப் பற்றி நமக்கு எவ்வளவோ வருத்தமுண்டு. ஆனாலும் நடந்ததை நடந்தபடி சொல்லாதவன் பகுத்தறிவுக்காரன் அல்லன். ஒரு பாட்டனார் தாடியை ஆட்டினால்தான் ஓட்டுக் கிடைக்கும் என்கின்ற நிலைமையை ஏற்படுத்தியவர்கள், கோட்டும் சூட்டும் போட்ட லண்டன் அறிவாளிகளே ஆவார்கள்.

கேட்டுக்கொள்ளுங்கள், முக்கியமான இடம் இதுதான். 2004 ஜூனில் அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு. ஐக்கிய நாட்டு ஸ்தாபனத்தின் தூதர் லக்தார் பிராகிமி வந்தார். தேர்தல் வரையில் இருக்கப்போகிற இடைக்கால சர்க்காரில், தேர்தலில் நிற்காத, கட்சி சாராத நிபுணர்களை வைக்கவேண்டும் என்று அவர் சொன்னார். நல்ல யோசனை. பந்தி பரிமாறுகிறவன் அந்தப் பந்தியில் உட்காரக் கூடாது என்கின்ற யோசனை. நடந்ததென்ன? மே 28-ந்தேதி ஆளும் சபை கூடித் தங்களுக்குள் ஒருவரான அல்லாவியையே பிரதம மந்திரி என்று ஏகமனதாகச் சொல்லிவிட்டது. பிராகிமியும் வேறு வழியின்றித் தலையசைத்தார். ஜனாதிபதி பதவிக்கு அமெரிக்கரும் தூதரும் விரும்பிய பாச்சாச்சி என்கிற கிழவரும் ஆளும் சபைக்காரர்தான். சபை பிடிவாதமாகக் கொண்டுவந்த காஜி அல்யாவரும் ஆளும் சபைக்காரர்தான். யாவருக்குக் கிடைத்தது. ஜூன் 1-ந்தேதி சபை தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. மைனர் சொத்துக்குக் கோர்ட்டு ஒரு கார்டியனை நியமித்து, தவணை முடிகிற நாளில் அந்தக் கார்டியன், "அடுத்த கார்டியன் என் கூட்டாளி" என்று தானே எழுதிக்கொண்டால் நீங்கள் என்ன பெயர் வைப்பீர்கள்? பணமும் கையெழுத்தும் பிரமரிடம் இருக்கிறபடியால் அவரே சர்வாதிகாரி என்ற கருத்தில் பிராகிமி வெளிப்படையாகவே பேசினார்.

சலாபி மாத்திரம் இந்த ஏற்பாட்டில் வெளியே நின்றார். மே 20-ந்தேதி அவர் வீட்டையே அமெரிக்கரும் ஈராக் போலீசும் சோதனை போட்டார்கள், மாதப்படியும் நின்றது. அதே வருஷம் ஜனவரியில்தான் அமெரிக்க ஜனாதிபதி சட்டசபையில் பேசியபோது அவர் மனைவிக்குப் பின்வரிசையில் இவர் உட்கார்ந்திருந்தார்!

ஜூன் 30 என்று சொல்லியிருந்த அதிகார மாற்றத்தை, குண்டுக்குப் பயந்து, ஜூன் 28-ந்தேதி ஒரு அறைக்குள் சிலர் கூடிச் சில நிமிஷத்தில் முடித்தார்கள். பிரமர் அன்றே விமானம் ஏறினார். அவர் போட்ட 100 உத்தரவுகளும், ஒரு இலட்சத்து முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்களும் அங்கேயே இருந்தன. அந்நியச் சிப்பாய்களையும் கண்டிராக்ட்டுக்காரர்களையும் ஈராக் கோர்ட்டு விசாரிக்கக்கூடாது என்கிற 17-ஆம் நம்பர் உத்தரவு, புறப்படுவதற்கு முந்திய தினம் திருத்திப் புதுப்பிக்கப்பட்டது.

இது ஈராக்குக்குப் புதிதும் அல்ல. முதல் மகா யுத்தத்தில் பிரிட்டிஷார் அந்தத் தேசத்தைப் பிடித்து, 1920-இல் ஜனங்கள் கலகம் செய்தபோது இந்தியச் சிப்பாய்களைக் கொண்டும் அடக்கி, மறுவருஷம் ஹெஜாசில் பிறந்து சிரியாவில் இருந்து பிரெஞ்சுக்காரரால் விரட்டப்பட்ட பைசல் என்பவரைக் கொண்டுவந்து அரசராக்கினார்கள். நூற்றுக்கு 96 பேர் சம்மதித்ததாகக் கணக்கும் காட்டினார்கள். பட்டாபிஷேகத்தில் வாசிக்க ஈராக்குக்கு ஒரு பாட்டு இல்லாமையால் இங்கிலீஷ் ராஜாவின் பாட்டையே பாண்டு வாத்தியக்காரர் வாசித்தார்கள்.

ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார். "வகுப்புக்குத் தக்க பங்கு வேண்டும் என்று கேட்கிற நாம், 13, 5, 5 என்று பங்கு வைத்ததைக் குறை சொல்லலாமா?" என்று கேட்கிறார். நல்ல கேள்வி. சொல்லுகிறேன். பள்ளிக்கூடத்திலும் உத்தியோகத்திலும் நுழையவிடாமல் தடுக்கப்பட்ட ஜனங்களுக்குக் கதவைத் திறப்பது ஒன்று. அதில் உள்ளே போகிறவன் சாமானியன். ஈராக்கில் "முகாசசா" என்கின்ற பாகப்பிரிவினை வேறு. அங்கே ஒரு இலாகா முழுவதும் ஒரு கட்சித் தலைவருக்குப் பங்காகப் போகிறது; அதில் பியூன் வேலை வேண்டுமானாலும் அந்தத் தலைவர் வீட்டு வாசலில் நிற்கவேண்டும். ஷியாவுக்கு 13 என்றார்களே, பாக்தாதின் ஏழைச் சேரியில் பத்து இருபது இலட்சம் ஷியாக்கள் சாக்கடைத் தண்ணீரில் நடந்தார்களே, அவர்களிடம் யாராவது கேட்டார்களா? இந்தப் பிரிவினை ஏன் இந்தத் தலைவர்களுக்கு அவ்வளவு இஷ்டம் என்றால், இருபது முப்பது வருஷம் வெளியே இருந்தவருக்கு உள்ளே தெருவும் தெரியாது, தெருவுக்கு அவரையும் தெரியாது. "நான் இன்னாருடைய மகன், இன்ன வேலை செய்தேன்" என்று ஓட்டுக் கேட்க வழியில்லை. "நான் உன் மதம், உன் ஜாதி" என்று கேட்கத்தான் வழியுண்டு. லண்டனில் மதச்சார்பின்மை பேசிய சலாபி 2005 ஜனவரித் தேர்தலில் மதாச்சாரிகளின் கூட்டுப் பட்டியலில் நுழைந்து உதவிப் பிரதம மந்திரியானார். அதே வருஷம் டிசம்பரில் தனியாக நின்றார். ஒரு ஸ்தானம்கூட அகப்படவில்லை. அவருடைய சொந்தச் சரக்குக்கு ஜனங்கள் போட்ட விலை அதுதான். ஆனாலும் அவர் 2015-இல் சாகும்போது பார்லிமெண்டில் ஒரு கமிட்டித் தலைவராகவே செத்தார்.

இடைக்காலம் இடைக்காலம் என்றார்கள். அல்லாவி, ஜாபரி, மாலிக்கி, அபாதி, அப்துல் மகதி, காதிமி ஆகிய ஆறு பிரதம மந்திரிகளும் வெளிநாட்டில் காலங்கழித்துத் திரும்பினவர்களே. சதாம் காலத்தில் தேசத்துக்குள்ளேயே இருந்த ஒருவர் பிரதம மந்திரியாக 2022 அக்டோபர் வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. அவரையும் அதே கட்சிகளின் கூட்டுத்தான் உட்காரவைத்தது. நடுவில் 2019 அக்டோபரில் வாலிபர்கள், அவர்களில் பெரும்பாலோர் ஷியாக்கள், தங்கள் பெயரால் ஆண்ட ஷியாக் கட்சிகளுக்கு எதிராகவே பாக்தாது தஹ்ரீர் மைதானத்தில் கூடி, பங்கு வேண்டாம், தேசம் வேண்டும் என்று கேட்டார்கள். ஐந்நூறு பேருக்கு மேல் சுட்டுக் கொன்றார்கள். ஒரு பிரதம மந்திரி இராஜினாமாச் செய்தார். கட்சிகள் இராஜினாமாச் செய்யவில்லை.

இங்கே தாய்மார்கள் வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். ஈராக்கில் 1959-இல் ஒரு குடும்பச் சட்டம் ஏற்பட்டது. எல்லா மதப் பிரிவு முஸ்லிம்களுக்கும் ஒரே சட்டம்; பெண்ணுக்குக் கலியாண வயது 18; இரண்டாம் தாரம் கட்டுவதென்றால் ஜட்ஜின் உத்தரவு வேண்டும். சதாம்கூட அதை ஒழிக்கவில்லை. ஓட்டில்லாமல் உட்கார்ந்த ஆளும் சபை, 2003 டிசம்பர் 29-ந்தேதி, 137-ஆம் நம்பர் தீர்மானத்தால் அந்தச் சட்டத்தைத் தள்ளிவிட்டுக் குடும்ப விஷயங்களை மத நூலிடம் ஒப்புவிப்பதென்று முடிவு செய்தது. அந்த மாதம் தலைமை ஹக்கீமுடையது. ஈரானில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு வந்தவர். பாக்தாதுப் பெண்கள், உள்ளேயே இருந்து சட்டத்தை அனுபவித்தவர்கள், தெருவுக்கு வந்து கூச்சலிட்டார்கள். பிரமர் கையெழுத்துப் போடவில்லை. இரண்டு மாதத்தில் தீர்மானம் ரத்தாயிற்று.

அத்தோடு தீர்ந்ததென்று நினைத்தார்கள். பிரமர் போனார், அமெரிக்கப் பட்டாளம் 2011-இல் போனது, கட்சிகள் இருந்தன. 2025 ஜனவரி 21-ந்தேதி ஈராக் பார்லிமெண்டு அந்த 1959-ஆம் வருஷச் சட்டத்தைத் திருத்தி, கலியாணம், விவாகரத்து, குழந்தைகளின் பொறுப்பு ஆகியவற்றில் மத நூல்படி நடந்துகொள்ள வழி செய்துவிட்டது. முன்னின்று நிறைவேற்றியவை ஷியாக் கட்சிகள். 137-ஆம் நம்பர் தீர்மானத்தன்று ஆளும் சபையில் உட்கார்ந்திருந்த கட்சிகளும் அவற்றின் வாரிசுகளும் அவற்றில் உண்டு. இருபத்தொரு வருஷம் காத்திருந்தார்கள். பார்லிமெண்டு ஓட்டால் வந்ததுதானே என்று கேட்பவருக்கு நான் சொல்வது, அந்த ஓட்டுக்கு முந்திய பதினெட்டு மாதத்தில் யார் நாற்காலியில் இருந்தார்கள் என்று மறுபடியும் பாருங்கள் என்பதே.

இன்னும் நாலைந்து சீட்டுகள் மேஜையில் இருக்கின்றன. கடைசி பஸ்ஸுக்குப் போகவேண்டிய வெளியூர்த் தோழர்கள் எழுந்திருக்கிறார்கள். அடுத்த தோழரும் காத்திருக்கிறார். ஆகையால் நான் உட்காருகிறேன்.